இரண்டாவது வெள்ளி

மளிகைக் கணக்கைத் தீர்ப்பதுபோல்
ஒரு நிலத்தைத் தீர்த்தார்கள்.
எழுபத்திரண்டு லட்சம் வெள்ளி.
ஏக்கருக்கு இரண்டே சென்ட்.
கொசுறாக,
வாரத்தில் இன்னொரு வெள்ளி.

சிட்கா. 1867, அக்டோபர்.
ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை படுத்த ஊர்
பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை எழுந்தது.
ஜாரின் பஞ்சாங்கம் இறங்க
அமெரிக்கப் பஞ்சாங்கம் ஏறியது;
தேதிக்கோடு மேற்கே நகர்ந்து
கடலுக்குள் போய் நின்றது.
நடுவில் பதினோரு தேதிகள்
யார் மடியிலும் விழவில்லை.

என் பூட்டன் நிகீஃபர் பிறந்தது
முதல் வெள்ளியின் பின்மாலையில்.
அவன் அம்மா அக்சீனியா,
கம்பெனி ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைந்தவள்,
மறுநாள் பதிவேட்டுக்காரனிடம் கேட்டாளாம்:
"பிள்ளைக்கு வயது ஒரு நாளா, பன்னிரண்டு நாளா?"
அவன் பேனாவைத் துடைத்தபடி
"பால் குடிக்கிறானா?" என்றான்.
"குடிக்கிறான்."
"அப்படியென்றால் சரி."

குன்றின்மேல் அன்று
பழைய கொடி இறங்க மறுத்தது.
கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கிழிந்தது.
ஒருவனைக் கயிற்றில் கட்டி ஏற்றினார்கள்.
அவன் பிய்த்தெடுத்துக் கைவிட,
கீழே நின்றவர்களின் துப்பாக்கிக் கத்திகள்மேல்
வந்து விழுந்தது ஒரு ராஜ்யம்.

டிலிங்கிட் மக்கள் ஓடங்களில் இருந்தபடி பார்த்தார்கள்.
ஹாலிபட் மீன் விற்க வந்த ஒருத்தி,
எந்தப் பதிவேட்டுக்கும் தன் பெயரைத் தராதவள்,
அக்சீனியாவிடம் சொன்னாளாம்:
"கோட்டைக்குள் குடியிருந்தவன்
காட்டையும் சேர்த்து விற்றிருக்கிறான்.
எங்களிடம் அதை எப்போது வாங்கினான்?"
மீனுக்கு மட்டும் விலை சொல்லிவிட்டுப் போனாள்.

மற்றது பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது:
பொன், செம்பு, ஓர் எரிமலை,
கொடியில் நாற்பத்தொன்பதாவது நட்சத்திரம்.
மாநிலமான அன்று கொர்டோவாவில்
அப்பா வலையின் ஓட்டைகளைப் பின்னிக்கொண்டிருந்தார்.
சனிக்கிழமை.
நல்லவேளை.

என்னுடைய வெள்ளி 1964, மார்ச்சில் வந்தது.
பத்தொன்பது வயது. ஐஸ் கூடத்தில்
எடை எழுதிக்கொண்டிருந்தேன்.
மாலை ஐந்து முப்பத்தாறு.
நாலரை நிமிடம்
தரையைத் தரை என்று சொல்ல முடியவில்லை.
வேறு ஊர்களை அலை எடுத்துக்கொண்டது;
எங்கள் ஊரையோ
நிலம் ஆளுயரம் தூக்கி வைத்தது.
துறைமேடைக்குத் தண்ணீர் எட்டவில்லை.
படகுகள் சேற்றில் சாய்ந்து படுத்தன.
சிப்பிகள் வாய் திறந்து செத்த நாற்றம்
துணிப்பெட்டி வரை வந்தது.

பெரிய வெள்ளியில் இப்படியா என்று ஊர் அழுதது.
எங்கள் கோயிலின் பழைய பஞ்சாங்கத்தில்
பெரிய வெள்ளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.
"இது நம்முடைய வெள்ளி இல்லை" என்றார்
பாதிரியார் தியோக்டிஸ்ட்,
விளக்குக் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டியபடி.
கையில் ரத்தம்.

1989. மறுபடி மார்ச்.
மறுபடி அவர்களுடைய பெரிய வெள்ளி,
நள்ளிரவு தாண்டி நாலாவது நிமிடம்,
எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியது.
அப்போதும் எங்களுக்கு ஐந்து வாரம் பாக்கி.

அந்த வருடம் ஹெர்ரிங் பிடிக்க உத்தரவில்லை.
என் கணவர் கிரிசாந்தோ,
இலோக்கோஸிலிருந்து மீன் டின் அடைக்க வந்தவரின் மகன்,
வலையை மடித்துவிட்டு
கல்லுக்கு வெந்நீர் ஊற்றும் கூலிக்குப் போனார்.
நல்ல கூலி. பிடித்த மீனைவிட அதிகம்.
இரவு வந்து சோப்புப் போட்டுக் கைகழுவி
சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.
"இன்றைக்குத் துடைத்த கல்லை
நேற்றும் துடைத்தேன்" என்றார் ஒருநாள்.
அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் அடுக்களையில் ஒரே ஆணியில்
கோயில் பஞ்சாங்கமும்
டீசல் கடைக் காலண்டரும் தொங்குகின்றன.
கீழே கடல் ஏற்ற இறக்கப் பட்டியல்.
அதை மட்டும்தான் தினமும் பார்க்கிறேன்.

யாராவது கணக்கைத் திரும்பத் திறந்தால்
நிலம் கேட்கப் போவதில்லை.
அது அந்த மீன்காரியின் வழக்கு.
எனக்கு அந்தப் பதினோரு தேதிகளில் ஒன்று போதும்.
ஹெர்ரிங் முட்டையிட்டுக்
கடல் பாலாய் வெளுத்திருக்க,
கையெழுத்துப் போட யாரும் வராத ஒருநாள்.

அவை என்ன கிழமை என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
வெள்ளியாக இருக்காது என்று
நம்பிக்கொள்கிறேன்.